பயத்துக்கு ஒரு காரணம் வேண்டும்

கராச்சியில் ஒரு தெரு. சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு சிறுவனை அள்ளித் தூக்கிக்கொள்ள, வண்டி பறக்கிறது. மற்ற பிள்ளைகள் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடுகிறார்கள். சில நொடிகளில் வண்டி திரும்பி வருகிறது. சிறுவனைப் பத்திரமாக இறக்கிவிட்டு ஒரு அட்டையை விரித்துக் காட்டுகிறார்கள். இந்த ஊரில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும், பெற்றோர்களே கவனம் என்பதுதான் அதன் செய்தி. குழந்தைகள் பாதுகாப்புக்காக உழைக்கும் ஒரு தொண்டு அமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம் அது.

யாரோ அந்தப் படத்தின் கடைசிப் பகுதியை வெட்டினார்கள். அட்டை போயிற்று, சிறுவன் திரும்பி வருவதும் போயிற்று. மிஞ்சியது கடத்தல் மட்டும். 2018-ன் தொடக்கத்திலிருந்து அந்தத் துண்டு வீடியோ இந்தியாவின் பல மாநிலங்களில் வாட்ஸ்அப் வழியாகச் சுற்றியது. கூடவே, அந்தந்த மொழியில் குரல்பதிவுகளும் சேர்ந்துகொண்டன. தமிழ்நாட்டில் சுற்றியவற்றின் சாரம், வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று நம் பக்கம் இறங்கியிருக்கிறது என்பது.

2018 மே 9 அன்று, குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அவர்களில் 60 வயதைக் கடந்த ஒரு அம்மா, அங்கே நின்றிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. தகவல் பக்கத்து ஊர்களுக்குப் பறந்தது. கூட்டம் சேர்ந்தது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்கள் படுகாயத்தோடு தப்பினார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஒரு மனிதர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஒரே இடத்தில் ஐந்து பேர்.

இவற்றைச் செய்தவர்கள் கூலிப்படையினர் இல்லை. பிள்ளை பெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். முந்தைய நாள்வரை போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதித்திராதவர்கள் அவர்களில் பலர் இருந்திருப்பார்கள். இப்படி ஒரு செய்தியை இவர்கள் எப்படி நம்பினார்கள் என்று கேட்டால் நமக்குச் சட்டென்று ஒரு பதில் கிடைத்துவிடுகிறது: படிப்பறிவு இல்லாத ஜனங்கள், கையில் செல்போன், வேறென்ன நடக்கும்? இந்தப் பதில் கொல்லப்பட்டவர்களுக்கும் நியாயம் செய்யவில்லை, அடித்தவர்களைப் புரிந்துகொள்ளவும் உதவவில்லை. ஏறக்குறைய 90 ஆண்டுகளாக வதந்திகளை ஆராய்ந்தவர்கள் வேறு ஒரு இடத்திலிருந்து தொடங்கினார்கள். நாமும் அங்கே போவோம்.

1934 ஜனவரி 15, பிற்பகல். நேபாளத்தையும் வடக்கு பீகாரையும் ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ரிக்டர் அளவில் சுமார் 8. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் தரைமட்டமாயின. இறந்தவர்கள் 10,000-க்கும் மேல். அடுத்த சில வாரங்களில் மக்களிடையே உலவிய பேச்சுகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் திரட்டினார். கங்கை நதியின் தண்ணீர் நிலநடுக்கத்தின்போது மறைந்துவிட்டது. இன்ன தேதியில் பாட்னாவைப் பெரும்புயல் தாக்கப்போகிறது. வரும் சந்திர கிரகணத்தன்று மறுபடியும் பூமி பிளக்கும். இப்படிப் பல. 1935-ல் அவர் எழுதிய கட்டுரை பிரிட்டிஷ் உளவியல் இதழில் வெளியானது. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

ஒரு சிறு விலகல். அந்த நாட்களில் காந்தி ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, பீகார் நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். தாகூர் அதைக் கடுமையாக மறுத்து எழுத, காந்தி அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். காந்தி சொன்னது வதந்தி அல்ல, ஒரு நம்பிக்கை. ஆனாலும் இதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. பூமி குலுங்கிப் பல்லாயிரம் பேர் சாகும்போது, 'சும்மா நடந்தது' என்ற விளக்கத்தோடு இருப்பது எவ்வளவு பெரிய மனத்துக்கும் கடினம்.

பிரசாத்தின் கட்டுரை 20 ஆண்டுகள் கழித்து லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் கையில் கிடைத்தது. அவரை ஒரு விஷயம் உறுத்தியது. இந்த வதந்திகளை நம்பிப் பரப்பியவர்கள், வீடு இடிந்து சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் இல்லை. அதிர்ச்சியைப் பலமாக உணர்ந்தும் சேதம் எதையும் காணாத பகுதிகளில் இருந்தவர்கள். அவர்கள் தப்பித்துவிட்டார்கள். தப்பித்தவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சை ஏன் தேடிப் பிடிக்கிறார்கள்?

அதோடு ஒப்பிட இன்னொரு இந்திய ஆய்வும் அவருக்குக் கிடைத்தது. 1950-ல் டார்ஜிலிங்கில் நேர்ந்த நிலச்சரிவுகளுக்குப் பிறகு மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைத் துர்கானந்த் சின்ஹா பதிவு செய்திருந்தார். அங்கே அழிவின் நடுவிலேயே மக்கள் நின்றிருந்தார்கள். 'இதைவிடப் பெரியது வரும்' என்ற வகை வதந்திகள் அவர்களிடம் எழவில்லை.

ஃபெஸ்டிங்கர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். டார்ஜிலிங் மக்களுக்குப் பயம் இருந்தது, அதற்கான காரணமும் கண்முன்னே கிடந்தது. பீகாரின் சேதமில்லாத ஊர்களில் பயம் மட்டும் இருந்தது. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை. ஆனால் சுற்றிப் பார்த்தால் வீடு நிற்கிறது, கிணறு இருக்கிறது, பிள்ளைகள் நலம். உள்ளே இருக்கும் உணர்வுக்கும் வெளியே தெரியும் உலகத்துக்கும் ஒட்டவில்லை. இந்த ஒட்டாமையை மனம் பொறுத்துக்கொள்ளாது. பயத்தை உடனே விரட்ட முடியாதபோது, அந்தப் பயம் நியாயம்தான் என்று காட்டும் சேதியைத் தேடும். கிரகணத்தன்று பூமி பிளக்கும் என்று யாராவது சொன்னால், 'அதுதான் எனக்கு இப்படி இருக்கிறது' என்று மனம் பிடித்துக்கொள்ளும். 1957-ல் ஃபெஸ்டிங்கர் வெளியிட்ட அறிவு முரண்பாட்டுக் கோட்பாடு 20-ம் நூற்றாண்டு உளவியலின் பெரிய கோட்பாடுகளில் ஒன்று. அது முளைத்தது பீகாரின் வதந்திகளிலிருந்துதான் என்பதை அந்த நூலின் முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார்.

வதந்தி வந்து மக்களைப் பயமுறுத்துகிறது என்றுதான் நாம் எப்போதும் நினைக்கிறோம். ஃபெஸ்டிங்கர் காட்டியது வரிசை மாறிய உலகம். பயம் முதலில் வந்துவிடுகிறது. சேதி பிறகுதான் வருகிறது, பயத்துக்குக் காரணம் சொல்ல.

இந்தக் கண்ணோடு 2018 மே மாதத்தைப் பாருங்கள். கோடை விடுமுறை. பிள்ளைகள் நாள் முழுக்கத் தெருவில். பெற்றவர்கள் பலர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வடமாநிலத்திலிருந்து ஆட்கள் வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அவர்கள் பேசும் மொழி புரியாது. 'பிள்ளை பிடிக்கிறவன் வருவான்' என்று சொல்லியே சோறூட்டப்பட்ட தலைமுறைகள் நம்முடையவை. பெரிய பாலம் கட்டினால் நரபலிக்குக் குழந்தையைப் பிடித்துப்போவார்கள் என்ற பேச்சு வாட்ஸ்அப்புக்குப் பல பத்தாண்டு மூத்தது. ஆக, பயம் ஏற்கெனவே குடியிருந்தது. ஆதாரம்தான் இல்லாமல் இருந்தது. கராச்சியிலிருந்து வந்த வெட்டுப்பட்ட வீடியோ அந்த வெற்றிடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

இலங்கையின் அம்பாறையிலும் இதுவே நடந்தது. 2018 பிப்ரவரி இறுதியில், அங்கே ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் தென்பட்ட சிறு கட்டியை, சிங்களவர்களை மலடாக்கக் கலந்த மாத்திரை என்றார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசுப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுப்பொருள் என்று தெரிந்தது. அப்படி ஆளை மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்குமே இல்லை என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆனால் 'அவர்கள் பெருகுகிறார்கள், நாம் குறைகிறோம்' என்ற பயத்தைப் பல ஆண்டுகளாக ஊட்டி வளர்த்திருந்த இடத்தில் அந்த மாவுக்கட்டிக்கு மாத்திரை வேடம் போடுவது யாருக்கும் சிரமமாக இல்லை. சில நாட்களில் கண்டி மாவட்டத்தில் கலவரம் வெடித்தபோது, அரசு சமூக ஊடகங்களையே முடக்கி வைக்க நேர்ந்தது.

பயம் கலந்த சேதிகளை மனம் ஏன் இவ்வளவு எளிதாக ஏற்கிறது என்பதற்குப் பரிணாம உளவியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று எண்ணித் துள்ளினால் நஷ்டம் ஒரு நொடிப் படபடப்பு. பாம்பைக் கயிறென்று எண்ணி மிதித்தால் நஷ்டம் உயிர். இப்படி இரண்டு தவறுகளின் விலை ஏறுமாறாக இருக்கும் இடங்களில், விலை குறைந்த தவறை அடிக்கடி செய்யும்படி மனம் அமைந்திருக்கிறது. கடத்தல் எச்சரிக்கையைப் படிக்கும் ஒரு தாய் போடும் கணக்கும் இதுதான்: பொய்யாக இருந்தால் இருக்கட்டும், உண்மையாக இருந்துவிட்டால்? அவள் அளவில் இந்தக் கணக்கில் பிழையே இல்லை. எச்சரிக்கையை நம்பிப் பிள்ளையை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதால் அவளுக்கு எந்த இழப்பும் இல்லை. ஆனால் ஆயிரம் பேர் அதே கணக்கைப் போட்டு ஒரே தெருவில் கூடும்போது, பொய்க்கான விலையை வேறு ஒருவர் தருகிறார். போளூர் அருகே அந்த அம்மா தந்தார். நம்புகிறவரும் விலை கொடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதுதான் பொய்ச்செய்தியின் மிகப்பெரிய அநீதி என்று நான் கருதுகிறேன்.

சேதி கைமாறும்போது என்ன ஆகிறது என்பதை 1940-களிலேயே கோர்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரு அமெரிக்கர்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குப் படத்தைக் காட்டி, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, ஐந்தாறு பேரைத் தாண்டுவதற்குள் விவரங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் உதிர்ந்துவிட்டது. ஒரு படத்தில் ரயிலில் இருவர் எதிரெதிரே நிற்பார்கள். சவரக்கத்தி வெள்ளையர் கையில் இருக்கும். பாதிக்கும் மேற்பட்ட சோதனைகளில், சங்கிலியின் ஏதோ ஒரு கட்டத்தில் கத்தி கறுப்பினத்தவரின் கைக்கு இடம் மாறியது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கேட்டதை, தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த உலகத்துக்குப் பொருந்தும்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எங்கிருந்தோ வந்த பிள்ளை பிடிப்பவன் நம் ஊருக்கு வரும்போது 'வடக்கத்தி ஆள்' ஆனதும் இப்படித்தான்.

அடுத்து, திரும்பத் திரும்பக் கேட்பது. 1977-ல் லின் ஹாஷரும் சக ஆய்வாளர்களும் மாணவர்களிடம் 60 வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் உண்மையா என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும், இன்னும் இரண்டு வாரம் கழித்து மூன்றாம் முறையும். சில வாக்கியங்கள் மட்டும் மூன்று முறையும் இடம்பெற்றன. உண்மையோ பொய்யோ, திரும்ப வந்த வாக்கியங்களை மாணவர்கள் ஒவ்வொரு முறையும் கூடுதலாக நம்பினார்கள். ஏற்கெனவே கேட்ட ஒன்றை மனம் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சிரமமின்மையை உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொண்டுவிடுகிறது.

விஷயம் தெரிந்தவர்களிடம் இது பலிக்காது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2015-ல் லிசா ஃபேசியோ குழுவினர் அதையும் சோதித்தார்கள். அவர்கள் கொடுத்த வாக்கியங்களில் ஒன்று நமக்கு வியப்பாக இருக்கும்: ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புவைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் சேலை. அதன் பெயர் கில்ட் என்பது தெரிந்தவர்கள்கூட, பொய் வாக்கியத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது முன்னைவிடச் சற்றுக் கூடுதலாக ஏற்றார்கள். மனத்தில் சரியான விடை இருந்தும் அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை மனம் செய்யவில்லை. சேலைக்கே இந்தக் கதி என்றால், நமக்கு விடை தெரியாத மருந்து, தடுப்பூசி, தேர்தல் விவகாரங்களில் என்ன ஆகும்? குடும்ப குரூப்பில் சித்தப்பா போடுகிறார், பள்ளித் தோழர்கள் குரூப்பில் வேறொருவர் போடுகிறார், குடியிருப்போர் சங்க குரூப்பில் மூன்றாமவர். மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்பிய ஒரே ஃபார்வர்டு. வாசிப்பவருக்கோ மூன்று சாட்சிகள்.

படம் சேர்ந்துவிட்டால் நம்பிக்கை இன்னும் ஏறும். அந்தப் படம் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மக்கடாமியா கொட்டையும் பீச் பழமும் ஒரே தாவரக் குடும்பம் என்று வெறுமனே எழுதிக் காட்டியபோது நம்பியவர்களைவிட, பக்கத்தில் சில கொட்டைகளின் படத்தைப் போட்டுக் காட்டியபோது நம்பியவர்கள் அதிகம். எரின் நியூமன் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இது. கொட்டையின் படம் அதன் குலத்தைப் பற்றி எதையும் சொல்லாது. ஆனாலும் மனக்கண்ணில் காட்சி சுலபமாக விரிகிறது, அது போதுமாக இருக்கிறது.

இதுவரை பேசியது நம்புவதைப் பற்றி. பகிர்வது வேறு கதை. நம்பினால்தான் பகிர்வார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கோர்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் குழுவினர் 2021-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அப்படி இல்லை என்கிறது. அமெரிக்கர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிடம் இந்தத் தலைப்புச் செய்தி உண்மையா என்று கேட்டார்கள். இன்னொரு குழுவிடம் இதைப் பகிர்வீர்களா என்று கேட்டார்கள். தங்கள் கட்சிக்கு இதமான பொய்ச் செய்திகளை உண்மை என்று சொன்னவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பேர் பகிரத் தயாராக இருந்தார்கள். கேட்டால் பொய் என்று கண்டுபிடிக்கக் கூடியவர்கள்தான். பகிரும் நேரத்தில் அந்தக் கேள்வி அவர்கள் மனத்தில் எழவே இல்லை. யார் பாராட்டுவார்கள், யார் கோபப்படுவார்கள், நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் முன்னே நின்றது. பிறகு, சந்தேகத்துக்குரிய தளங்களின் செய்திகளைப் பகிர்ந்துவந்த 5,379 ட்விட்டர் பயனாளர்களுக்கு ஒரு தனிச்செய்தி அனுப்பினார்கள். அரசியலோடு தொடர்பே இல்லாத ஒரு தலைப்பைக் காட்டி, இது சரியாக இருக்குமா என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கே, அடுத்த 24 மணி நேரத்தில் அவர்கள் பகிர்ந்தவற்றின் தரம் கொஞ்சம் கூடியது.

ட்விட்டரின் முதல் 11 ஆண்டுகளைக் கிளறிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சொரூஷ் வொசூகி, டெப் ராய், சினான் ஆரல் மூவரும் 2006 முதல் 2017 வரை அங்கே பரவிய சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 30 லட்சம் பேர் 45 லட்சம் முறைக்கும் மேல் பகிர்ந்தவை. பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்ட, பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் உண்மைக்குத் தேவைப்பட்டது. எல்லாம் தானியங்கிக் கணக்குகளின் வேலையாக இருக்கும் என்று சந்தேகித்து அவற்றை நீக்கிவிட்டும் கணக்கிட்டார்கள். முடிவு மாறவில்லை. பொய்யை வேகமாகக் கொண்டுசேர்த்தவர்கள் மனிதர்களே. பொய்ச் செய்திக்கு வந்த பதில்களில் வியப்பும் அருவருப்பும் மிகுந்திருந்தன. நடக்காததைச் சொல்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. எவ்வளவு புதுமை வேண்டுமோ அவ்வளவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாப் பொய்யும் பயத்தின் முதுகில் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகின் மிகச்சிறந்த தேசிய கீதமாக நம்முடையதை யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற சேதி 2008 முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. இங்கே வேலை செய்வது பெருமிதம். ஆனால் இயங்கும் முறை அதேதான். உணர்வு முன்னமே தயாராக இருக்கிறது, சேதி வந்து அதற்குச் சான்றிதழ் கொடுக்கிறது.

படிப்பு காப்பாற்றுமா? 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, அந்த ஊசி ஆபத்தானது என்ற சேதிகள் வாட்ஸ்அப்பில் பரவின. நன்றாகப் படித்த பெற்றோர்களும் தயங்கினார்கள். இயக்கத்தை மார்ச் வரை நீட்டிக்க வேண்டிவந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹான் 2013-ல் இதற்கு இன்னும் கசப்பான ஒரு சான்றைத் தந்தார். ஒரே எண்கள் கொண்ட அட்டவணையை இரு விதமாகக் காட்டினார். ஒன்றில் அது தோல் களிம்பு பலனளித்ததா என்ற கணக்கு. இன்னொன்றில் துப்பாக்கித் தடை குற்றத்தைக் குறைத்ததா என்ற கணக்கு. களிம்புக் கணக்கில், எண்ணறிவு மிக்கவர்கள் சரியாக விடை சொன்னார்கள். துப்பாக்கிக் கணக்கில் அதே ஆட்கள், விடை தங்கள் அரசியலுக்கு ஒத்துவந்தபோதுதான் சரியாகச் சொன்னார்கள். கணக்கறிவு கூடியவர்களிடையேதான் கட்சிப் பிளவும் கூடியிருந்தது. கூர்மையான மூளை, உணர்வு கேட்கும் வாதங்களை இன்னும் திறமையாகத் தேடித்தருகிறது.

2019 தேர்தல் நேரத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியல் அறிவியலாளர் பீகாரின் கயாவில் 1,224 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு பகுதியினருக்கு வீட்டுக்கே போய், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வழிகளைச் சுமார் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். படத்தின் மூலத்தை எப்படித் தேடுவது என்பதுவரை காட்டினார்கள். பிறகு சோதித்தால், மொத்தத்தில் பலன் இல்லை. ஆளுங்கட்சி ஆதரவாளர்களிடம், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களைப் பிரித்தறியும் திறன் இன்னும் குறைந்திருந்தது. கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் மக்கள் பயன்படுத்துவார்கள் என்று எண்ணியிருந்த பலருக்கும் இது பெரிய ஏமாற்றம்.

2023 மார்ச் முதல் வாரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்ற சேதியும் வீடியோக்களும் இந்தி பேசும் மாநிலங்களில் தீயாகப் பரவின. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 'வடக்கத்தி ஆள்' மீது நாம் பட்ட பயம் இப்போது நம் மீது திரும்பியிருந்தது. முந்தைய மாதம்தான் ரயிலில் ஒருவர் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கும் வீடியோ வெளியாகி, போலீஸ் அவரைக் கைது செய்திருந்தது. அந்த ஒரு உண்மை போதும். வீட்டை விட்டு ஈராயிரம் கிலோமீட்டர் தள்ளி, மொழி தெரியாத ஊரில், பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருக்கும் ஒரு இளைஞனின் பயத்துக்குக் காரணம் தேட வேண்டிய தேவையே இல்லை. ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் செய்கிறாள், வந்துவிடு என்று. மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ஊருக்குப் போகக் கூடிய கூட்டத்தின் படங்கள், உயிருக்குத் தப்பி ஓடும் கூட்டத்தின் படங்களாயின. 2012 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறியதும் இதே போன்ற புரளியால்தான். அன்று குறுஞ்செய்தி, இன்று வீடியோ.

தமிழ்நாட்டில் அந்த வாரம் நடந்த வேலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு, இவை பொய் என்று சொன்னதோடு நிற்கவில்லை. அந்த வீடியோக்கள் உண்மையில் என்ன என்றும் சொன்னார். ஒன்று, பீகார் தொழிலாளர்கள் இரு பிரிவாகத் தங்களுக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. அதிகாரிகள் தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்குப் போய் இந்தியில் பேசினார்கள். பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து பார்த்தது.

'பொய்' என்று சொல்வதற்கும் 'நடந்தது இதுதான்' என்று சொல்வதற்கும் உள்ள இடைவெளி பெரியது. 1994-ல் ஹோலின் ஜான்சனும் கொலின் சைஃபர்ட்டும் ஒரு கிடங்குத் தீவிபத்தைப் பற்றிய தொடர் அறிக்கைகளை வாசிக்கக் கொடுத்தார்கள். தீப்பிடித்த அறையில் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்று ஒரு அறிக்கை. அது தவறு, அறை காலியாக இருந்தது என்று அடுத்த அறிக்கை. வாசித்தவர்களுக்குத் திருத்தம் நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் கரும்புகை ஏன் வந்தது என்று கேட்டால் பெயின்டைத்தான் சொன்னார்கள். யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்கான தடயம் இருந்தது என்று மாற்றுக் காரணம் தரப்பட்டவர்களே பெயின்டை விட்டார்கள். காரணத்தைப் பிடுங்கிக்கொண்டு வெற்றிடத்தை விட்டுப்போனால், மனம் பழைய காரணத்தையே எடுத்துவந்து அங்கே வைத்துவிடும்.

நிறுவனங்கள் தங்கள் பங்குக்குச் சிலவற்றைச் செய்தன. 2018 கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப், ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய சேதிகளுக்கு 2020-ல் அது ஒன்றாகக் குறைந்தது. 2012-ல் அரசு குறுஞ்செய்திகளுக்கு வைத்த தற்காலிக வரம்பும் ஐந்துதான். இவை வேகத்தைக் குறைக்கின்றன. நம்பிக்கையைத் தொடுவதில்லை.

நம்பிக்கையைத் தொடக்கூடிய ஒரு சிறிய வழியைப் பத்ரிநாதனும் சைமன் ஷோஷாரும் இந்திய வாட்ஸ்அப் உரையாடல்களைப் போலவே அமைத்த திரைகளில் சோதித்தார்கள். குரூப்பில் ஒருவர் பொய்ச் சேதியைப் போடுகிறார். இன்னொருவர் மறுக்கிறார். சில திரைகளில் உண்மைகாண் நிறுவனத்தின் சான்றோடு மறுப்பு, சிலவற்றில் எந்தச் சான்றும் இல்லாமல், இது உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை என்ற அளவில் ஒரு வரி. இரண்டும் பொய்மீதான நம்பிக்கையைக் குறைத்தன. சான்றில்லாத ஒற்றை வரி ஏறத்தாழ அதே அளவு வேலை செய்தது. நம் குடும்ப குரூப்களில் அந்த ஒற்றை வரியைத் தட்டுவதற்குத்தான் கை வருவதில்லை. பெரியப்பா போட்டதை எப்படி மறுப்பது? மரியாதைக் குறைவாகிவிடாதா? எல்லோரும் சும்மா இருக்கிறோம். அந்த மௌனத்தை மற்றவர்கள் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கயாவில் தோற்றுப்போன ஒரு மணி நேரப் பாடத்துக்குப் பிறகு, பத்ரிநாதன் இடம்பெற்ற குழு ஒன்று பீகாருக்கே திரும்பிப் போயிற்று. இம்முறை மாநில அரசின் ஜீவிகா அமைப்போடு சேர்ந்து, 8 முதல் 12-ம் வகுப்பு வரையிலான 13,500-க்கும் மேற்பட்ட மாணவர்களை ஆய்வில் சேர்த்தார்கள். 583 கிராமங்கள். ஒரு பகுதியினருக்கு 14 வாரங்களில் பல அமர்வுகளாகப் பாடம் நடந்தது: மருத்துவச் செய்திகளை எப்படி ஆராய்வது, யாரை நம்புவது, நம் மனம் நம்மை எங்கே வழுக்கிவிடுகிறது, வீட்டுப் பெரியவர் தவறான சேதி சொன்னால் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது. பாடம் பெற்றவர்கள் உண்மையையும் பொய்யையும் பிரிப்பதில் தெளிவாக முன்னே நின்றார்கள். நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அது கரையவில்லை. வகுப்பில் தொடாத அரசியல் சேதிகளிலும் அவர்கள் நிதானித்தார்கள். வகுப்புப் பக்கமே வராத அவர்களுடைய அப்பா அம்மாக்களையும் சோதித்தார்கள். அவர்களும் தேறியிருந்தார்கள்.